அறுக்காமல் எறிந்த ஃபில்டர்

போன வாரம் ஒருத்தர் காரோடு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கையில் கூரியரில் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே புத்தம் புது ஆயில் கூலர், ரெண்டு ஹோஸ், நட்டு போல்ட்டெல்லாம் தனிப் பையில். "அண்ணாச்சி, இதை என் வண்டிக்கு மாட்டலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். வாங்கி முடித்துவிட்டு வந்து மாட்டலாமா என்று கேட்கிற மனுஷனை நான் என்ன செய்ய?

"ஆயில் எவ்வளவு சூடாகுதுன்னு பாத்தீரா?" என்றேன்.

"அதெல்லாம் பாக்கல்ல. வீடியோவுல எல்லாரும் போடுதாங்க."

"அப்ப அந்த வீடியோக்காரன்கிட்டயே கொண்டு போய் மாட்டிக்கிடும்" என்று கேட்டைச் சாத்திவிட்டேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. பாவம், அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கூலர் என்ற பேச்சை எடுத்தாலே எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. அதற்குக் காரணம் அவரில்லை, நான். சங்கரன்கோவிலில் முப்பத்தெட்டு வருஷம் கார் மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு ஓய்ந்தவன் நான். அதில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை கற்ற கதை பெரிசாக ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டேன். ராஜபாளையம் ரோட்டிலிருந்த ஒர்க் ஷாப்பில் அப்பா கொண்டு போய்த் தள்ளினார். ரெண்டு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், அடுத்த மூணு வருஷம் ஏச்சு வாங்கினேன், அதற்கப்புறம் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே மெக்கானிக் ஆனது ஃபோர்மேன் ஞானராஜ் வந்த பிறகுதான்.

ஞானராஜ் அண்ணாச்சி சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை "வே பாண்டி" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சங்கரபாண்டி ஐயா, இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுதீயளா?" என்று கேட்டாரென்றால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. அவர் ஆயில் பார்க்கிற விதமே தனி. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார். ஆயில் அளக்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் இருக்கிற சொட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பார். அடுத்து பழைய ஃபில்டரை ஹேக்சாவால் அறுப்பார். உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் காகிதத்தைப் பிரித்து வெயிலில் விரித்துப் பார்ப்பார். கரி இருந்தால் ஒரு கதை, மினுமினுப்பு இருந்தால் வேறு கதை. "இன்ஜின் வாய் திறந்து பேசாது வே. அது துப்புனது பூரா இதுலதான் கிடக்கும்" என்பார்.

ஆயில் கூலர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேடியேட்டர் தண்ணீரை ஆற்றுகிறது இல்லையா? அதே மாதிரி இன்ஜின் ஆயிலை ஆற்றுகிற குட்டி ரேடியேட்டர் அது. ஃபில்டரைக் கழற்றி, அது உட்காருகிற இடத்தில் ஒரு வட்டத் தட்டை வைத்து, அதிலிருந்து ரெண்டு ஹோஸ் இழுத்து வண்டியின் முன்மூஞ்சியில் மாட்ட வேண்டும். ரெண்டு ஹோஸ் என்றால் நாலு ஜாயிண்ட். மலையேற்றத்தில் ஒரு ஜாயிண்ட் விட்டதென்றால் ஒரு நிமிஷத்தில் ஆயில் பூராவும் ரோட்டில், இன்ஜின் குளோஸ். அதனால் ஃபோர்மேன் லேசில் சம்மதிக்க மாட்டார். தண்ணீர்ப்பக்கம் எல்லாம் சரியாக இருக்கணும், ஆயில் சுத்தமாக இருக்கணும், அப்படியும் ஆயில் மட்டும் கொதிக்கணும். அப்போதுதான் கூலர். "கேட்ட வண்டிக்கெல்லாம் மாட்ட அது என்ன சந்தன மாலையா?" என்பார்.

அந்தக் கணக்கெல்லாம் ஒத்து வந்த வண்டி ஒன்று வந்தது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றி மலையேறுகிற பிக்கப். அதற்கு நானே கூலர் மாட்டினேன். அப்புறம் அது ஒரு நாளும் திணறவில்லை. புளியங்குடி டிரைவர்கள் எனக்குக் கூலர் பாண்டி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர்தான் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாரித்துரை வந்தான். பனவடலிசத்திரத்துக்காரன், சொந்தமாக ஒரு பழைய டீசல் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, ஆரியங்காவு ஏத்தத்துல ஆயில் லைட்டு மினுக் மினுக்குங்கு. வண்டிய நிறுத்தி ஆறப்போட்டா அணைஞ்சிருது. போன தடவை பிள்ளைய வச்சிக்கிட்டு ரோட்டோரம் முக்கா மணி நேரம் நின்னேன்."

பிள்ளை என்றது அவன் மகள் மகாவை. ஏழு வயசு. ரத்தத்தில் ஏதோ கோளாறு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்ற வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது, பஸ்ஸிலோ ரயிலிலோ கூட்டத்தோடு கொண்டு வரக்கூடாது, தேதியும் தப்பக்கூடாது என்று டாக்டர் கண்டிஷனாகச் சொல்லியிருந்தார்.

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும். ஞாயித்துக்கிழமை மதியம் கிளம்பணும்" என்றான். "வேற வண்டியும் கிடைக்காது அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம். ஸ்டாண்டுல அத்தனை வண்டியும் கல்யாணத்துக்குப் போகுது."

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. பத்து நாளைக்கு முன்னால்தான் ஆயில் மாற்றினேன், ஃபில்டரை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்றான். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மலையேற்றம், பழைய இன்ஜின், ஆயில் கொதித்துத் தண்ணியாக இளகுது, பிரஷர் இறங்குது. எனக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்துவிட்டது. "கூலர் போட்டுருவோம். நாளைக்குச் சாயங்காலம் வண்டி ரெடி" என்று சொல்லிவிட்டேன். மாரித்துரை கும்பிட்டான். கும்பிட்டால் யாருக்குத்தான் குளிராது?

சாயங்காலம் ஃபோர்மேன் வந்து கேட்டார். "ஆயிலத் தேச்சுப் பாத்தீரா வே? ஃபில்டர அறுத்தாச்சா?"

"எல்லாம் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

பார்க்கவில்லை. பத்து நாள் ஆயிலைத் தேய்த்து என்னத்தைக் காண என்று நினைத்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றின கையோடு தகர டிரம்மில் எறிந்திருந்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இருபது வருஷம் கூட வேலை பார்த்தவனை அதற்கு மேல் எப்படிச் சந்தேகப்படுவார்?

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூலர் ஏறிவிட்டது. நாலு ஜாயிண்டும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், சொட்டுக் கசிவில்லை. பிரஷர் கேஜை இன்ஜினில் பொருத்தி, ஒயரையும் டியூபையும் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். குடும்பத்தோடு ஏறுகிற கனத்துக்குப் பின்னால் மூணு மணல் மூட்டை. மாரித்துரை முன்சீட்டில், ஃபோர்மேன் மூட்டைக்குப் பக்கத்தில், நான் ஸ்டியரிங்கில். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவுக்குப் போனோம்.

முதல் ஏற்றம் நன்றாகவே ஏறினது. மேலே போய் நிறுத்தி, சூடு பார்க்கிற துப்பாக்கியை ஆயில் தொட்டியில் காட்டினேன். நான் எதிர்பார்த்த சூட்டுக்கு எவ்வளவோ குறைவு. "பாத்தியளா!" என்று துள்ளினேன். ஆனால் வண்டி ஐடிலில் நிற்கும்போது அந்தச் சிவப்பு ஆயில் லைட்டு ஒரு தடவை மினுங்கினது. நான் பார்த்தேன். ஃபோர்மேனும் பார்த்தார்.

"ஆயில் சூடாகல்ல. அப்புறம் லைட்டு ஏன் எரியுது?" என்றார்.

"சுவிட்சு பழசு அண்ணாச்சி."

"கேஜும் கீழதான் காட்டுது. சுவிட்சு பழசு, கேஜும் பழசா? திரும்பிருவோம் வே."

இங்கேதான் நான் கெட்டேன். திரும்பியிருக்கலாம். "இன்னும் ஒரே ஒரு தடவை ஏத்திக் காட்டுதேன்" என்று கீழே இறங்கி, மறுபடியும் ஏற்றினேன். அதுவும் கூலர் பாண்டியின் கெத்துக்காக, ரெண்டாவது கியரில் மிதித்து ஏற்றினேன். மூணாவது வளைவில் கேஜ் முள் சரிய ஆரம்பித்தது. நான் காலை எடுக்கவில்லை. முள் அடியில் போய்ப் படுத்தது. டக்... டக்... டக் என்று இன்ஜின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டல். பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

"சங்கரபாண்டி ஐயா, வண்டிய அணைச்சிருங்க."

அணைத்தேன். வளைவு நடுவில் நின்றோம். பின்னால் தடி லாரி ஒன்று ஹாரனை விடாமல் அமுக்கினது. மாரித்துரை ஓடிப்போய் ரோட்டில் கல் வைத்தான். ஃபோர்மேன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சட்டைப் பையில் இருந்த சோப்பால் கையைக் கழுவினார். அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் அவருக்கு ஒரு அவசரம் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவி, சொட்டை எடுத்து, கண்ணை மூடித் தேய்த்தார். என் கையைப் பிடித்து அதே சொட்டை என் விரலில் வைத்தார். தேய்த்தேன். நறநறவென்றது.

"மண்ணு" என்றார். "தேச்சுப் பாத்தேன்னு சொன்னியளே ஐயா."

விரலைத் துடைத்துக்கொண்டு, வண்டியை இழுக்க லாரி தேடப் போனேன்.

ஒரு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு வந்து சேரும்போது மணி நாலரை. வண்டி என்னாச்சோ என்று மாரித்துரை மனைவி கோமதி வாசலில் வந்து நின்றாள். ஃபோர்மேன் நேராகத் தகர டிரம்முக்குப் போனார். நான் எறிந்த ஃபில்டரைத் தோண்டி எடுத்து, வைஸில் இறுக்கி அறுத்தார். காகித மடிப்பு பூராவும் சாந்து பூசின மாதிரி அப்பியிருந்தது. ஃபில்டர் அடைத்துவிட்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஆயிலுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். அதன் வழியாக மண்ணோடு ஆயில் பேரிங்கையெல்லாம் அராவியிருக்கிறது. நான் புது ஃபில்டரை மாட்டினாலும் உள்ளே கிடந்த மண் கிடந்ததுதான். நான் மிதித்து ஏற்றினதில் மிச்சமிருந்த பேரிங்கும் போய், இன்ஜினின் முதுகெலும்பான கிராங்க்கையே கீறிவிட்டது. கூலருக்குள்ளும் மண். அதைக் கழுவவும் முடியாது, ஆக்கர்தான், எடைக்குப் போட வேண்டியதுதான்.

"எவன் போட்டான் இந்த மண்ணை?" என்று நான் குதித்தேன். "எவனோ ஸ்டாண்டுல வயித்தெரிச்சல் பிடிச்சவன் பண்ணியிருக்கான் மாரி. விடாத, போலீசுக்குப் போ!"

கோமதி மெல்ல வந்து அந்தக் காகிதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது கோயில் புத்துமண்ணுல்லா அண்ணாச்சி" என்றாள். "நான்தான் போட்டேன்."

அவளே சொன்னாள். "மொதத் தடவை பிள்ளையக் கூட்டிக்கிட்டு மலையேறுனப்ப பயந்துட்டேன். அம்மன் புத்துமண்ணு எந்த நோயையும் தீர்க்கும்லா? பிள்ளைக்கு நெத்தியில பூசிட்டு, வண்டிக்கும் அந்த ஆயில் மூடியத் திறந்து ஒரு பிடி போடுவேன். பிள்ளைய அதுதான கொண்டு போய்க் கொண்டு வருது. மூணு தடவை போட்டேன்."

எங்கள் ஊரில் புற்றுமண் பூசாத நெற்றி கிடையாது. நானே சொறி சிரங்குக்கெல்லாம் பூசினவன்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒரு ஆள் கிடைத்தது. என் பொய்யையும், மிதித்து ஏற்றினதையும் இறக்கி வைக்க ஒரு தலை கிடைத்தது.

"ஏட்டி, கூறுகெட்டவளே!" என்று கத்தினேன். "உன் மண்டைக்குள்ள இருக்கதும் இந்த மண்ணுதானா? பெத்த பிள்ளைய நீயே கொல்லப் பாத்திருக்கியே! இனி நாளைக்கு எதுல கொண்டு போவ? உன் சேலையில முடிஞ்சா கொண்டு போவ?"

பக்கத்துக் கடைக்காரர்கள், டீ குடிக்க வந்தவர்கள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கோமதி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாரித்துரை அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சண்டாளி, வண்டியக் கொன்னுட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"போதும் வே" என்றார் ஃபோர்மேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். "அவ நம்பிக்கை அவளுக்கு. மூடியத் திறந்து பாக்குறது நம்ம வேலை."

அதற்கப்புறம் வண்டி தேடினோம். ஸ்டாண்டில் இல்லை. வாசுதேவநல்லூரில் தெரிந்த ரெண்டு பேரிடம் கேட்டோம், இல்லை. கடைசியில் ஃபோர்மேன் தன் காரையே தருவதாகச் சொன்னார். அது நாகர்கோவிலில் மகள் வீட்டில் கிடந்தது. மருமகனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மணிக்கும் கார் வரவில்லை. பிள்ளை மூஞ்சியில் முகக்கவசம் போட்டு பெஞ்சில் உட்கார்ந்து, "அப்பா, நம்ம வண்டி ஏன் போகல்ல?" என்று ரெண்டு தடவை கேட்டது. ரெண்டு தடவையும் மாரித்துரை கோமதியை முறைத்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ரோட்டுக்கும் உள்ளேயுமாக நடந்தேன். ஒன்றரைக்குக் கார் வந்தது. "மாரி ராத்திரி பூரா தூங்கல்ல, நான் ஓட்டுதேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஆரியங்காவு ஏற்றத்தில் பிள்ளை ஒரு தடவை வாந்தி எடுத்தது. கோமதி தன் முந்தானையில் ஏந்தினாள். மாரித்துரை முன்சீட்டிலிருந்து திரும்பி, "இப்ப உனக்குச் சந்தோசமா?" என்றான். சொல்லித் தொலையேன்டா என்று என் மனசு உள்ளே கிடந்து அடித்தது. வாய் வரவில்லை. பிள்ளை காதில் விழும் என்று ஒரு சாக்கு, மலைப்பாதை என்று ஒரு சாக்கு. கோழைக்குச் சாக்குக்கா பஞ்சம்!

திங்கள் காலை எட்டே முக்காலுக்கு மகாவை உள்ளே கொண்டுபோனார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இன்றைக்கு அவள் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு நாங்கள் மூணு பேரும் வெளியே வராண்டாவில், பெஞ்சில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்திருந்தோம். மாரித்துரை மறுபடியும் தொடங்கினான். "இனிமே வீட்டுல எந்தச் சாவியும் உன் கையில இருக்கக்கூடாது" என்றான்.

எழுந்துவிட்டேன்.

"மாரி, வண்டியக் கொன்னது நான்டே" என்றேன். "வெள்ளிக்கிழமை ஆயிலத் தேச்சிருந்தா மண்ணு தெரிஞ்சிருக்கும். ஃபில்டர அறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பேரிங்கை மட்டும் மாத்தி, நேத்து உன் வண்டியிலேயே வந்திருக்கலாம். ஃபோர்மேன்கிட்ட பாத்துட்டேன்னு பொய் சொன்னேன். அவரு திரும்பச் சொன்ன பிறகும் என் கெத்துக்கு ரெண்டாந்தடவை மிதிச்சு ஏத்துனேன். கிராங்க் போனது அப்பத்தான்."

மாரித்துரை என்னை நிமிர்ந்து பார்த்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். "ரெண்டு நாளா இவளை நான்..." என்று தொடங்கி, முடிக்காமல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

கோமதிதான் பேசினாள்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. மண்ணைப் போட்டது நான். அது என் தப்பு, அதை நான் வச்சிக்கிடுதேன். ஆனா பெத்த பிள்ளைய கொல்லப் பாத்தேன்னு சொன்னிய பாத்தியளா, அது என்னுது இல்ல. அதைத் திரும்ப எடுத்துக்கிடுங்க."

"எடுத்துக்கிட்டேம்மா. நீ கொல்லப் பாக்கல்ல. தப்பாப் பேசிட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒர்க் ஷாப்புல இவ்வளவு மெதுவாவா ஏசுனிய?" என்றாள்.

வராண்டாவில் டோக்கனோடு நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, மறுபடியும் சொன்னேன்.